சுடாத தீ

ஜீவனஹள்ளியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதம் தீ மிதிப்போம். கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் மிதிக்கிறேன். உள்ளங்கால் எரியும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவேன். போன வருஷம் மட்டும் சுடவே இல்லை. தண்ணீரில் நடப்பதுபோல் மெல்ல நடந்து வந்தேன்.

"அண்ணி, ஆத்தா உங்க மேலதான் எறங்கியிருக்கா. மூஞ்சில ஒரு சுளிப்பு இல்ல," என்று நாத்தனார் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி அம்மனே பார்த்துக்கொள்வாள் என்று சுகர் மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்.

பாதத்தில் கொப்புளம் உடைந்திருந்ததை நான் பார்க்கவில்லை. வலித்தால்தானே பார்ப்பேன். அதே காலில் ஷூவை மாட்டிக்கொண்டு வைட்ஃபீல்ட் ஆபீசுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனேன். நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். "ஊசி வெச்சுக் குத்துவேன். நோவு ஆச்சுன்னா சொல்லும்மா," என்றார். நான் காத்திருந்தேன். கடைசியில் நானே, "எப்ப சார் குத்துவீங்க?" என்று கேட்டேன்.

"குத்திட்டேம்மா. சுகர்ல நரம்பு செத்துப்போச்சு, ரொம்ப நாளாவே உணர்ச்சி இருந்திருக்காது. இப்ப புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சு."

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இந்த ஆடியில் நாத்தனார் தீ மிதித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். "எரியுது அண்ணி," என்று பக்கெட் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மிச்சமிருக்கும் என் காலிலும் இப்போது எதுவும் தெரிவதில்லை.