இரண்டு இங்கிலீஷ் அப்பாக்களும் எதுவாரும்

நெல்லித்தோப்பு எதுவார் கோர்ட்டில் வெகுகாலம் குமாஸ்தாவாகப் பிரெஞ்சில் எழுதியவர். பிரெஞ்சு ஆட்சி போய், காகிதமெல்லாம் இங்கிலீஷில் வரத் தொடங்கியதும் அவருக்கு மேசை இருந்தது, வேலை இல்லை. 1957-ல் பக்கவாதம் இடது கையையும் காலையும் இழுத்துக்கொண்டது. மனைவி இல்லாத வீடு. அவரைப் பார்த்துக்கொள்ள, தாதி வேலை பழகிய என்னை வைத்தார்கள்.

பேச்சு மட்டும் முழுசாகத் திரும்பியது. அதை மகன் ஜில்பேருக்குப் புத்தி சொல்லவே செலவழித்தார். தலை எப்படி வாருவது, மாதா கோயில் பூசையில் எந்த வரிசையில் உட்காருவது, எல்லாம்.

பிறகு மகனுக்கு வீட்டில் பாடம் சொல்லக் கலியபெருமாள் வாத்தியார் வந்தார். ஜில்பேருக்குக் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியப் பரீட்சை. பழைய கதைகளில் அப்பாக்கள் மகன்களுக்குச் சொன்ன புத்திமதியை ஒப்பிட்டு எழுத வேண்டுமாம். ஒரு நாடகத்து அப்பா நிறுத்தாமல் பேசுகிறார். ஒரு நாவல் அப்பா சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தோளைத் தட்டுகிறார். சாயங்காலமெல்லாம் கூடத்தில் இதே பேச்சு. கட்டிலில் கிடந்த எதுவாருக்கு இங்கிலீஷ் புரியாது. மகன் குரலில் இருந்த ஆசை புரிந்தது.

"ஏம்மா அஞ்சலாட்சி, எவனோ வெள்ளைக்காரன் பேச்சை வாயப் பொளந்துகிட்டு கேக்கறான். நான் பேசினா சட்டைப் பொத்தானைப் பாக்கறான்."

"அந்த அப்பா ஒரு நாள்தான் பேசினாரு. நீங்க தினம் பேசறீங்க. சூப்பைக் குடிங்க."

"இவனுக்கு அம்மை போட்டப்ப கண்ணு முழிச்சது அவனா, நானா?"

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. வாத்தியார் கேட்டார்: "நாவல் அப்பாவை ஒரே சொல்லுல சொல்லு."

"சென்சிபிள், சார்."

"உங்க அப்பா?"

"அவரும் சென்சிபிள்தான்."

சூப்புக் கிண்ணம் பறந்து வந்து கூடத்தில் விழுந்தது. வலது கையில் குறையே இல்லை.

"வெளிய போய்யா! எம்புள்ளைய வச்சே என்னை ஏசறியா? இந்த வீட்டுக்கு இனிமே இங்கிலீஷும் வேணாம், நீயும் வேணாம்!"

வாத்தியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

ஜில்பேர் கட்டிலுக்கு ஓடி வந்தான். "நான் என்ன பப்பா தப்பா சொல்லிட்டேன்?"

"சான்சிப்ள்னு சொன்னியேடா! தொட்டதுக்கெல்லாம் மூஞ்சி சுண்டறவனா நான்?" சொல்லும்போதே உதடு துடித்தது.

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பிரெஞ்சுல பப்பா. இங்கிலீஷ்ல அதே எழுத்துதான், அர்த்தம் வேற. விவேகமானவர்னு சொன்னேன்."

நான் எதுவாரின் கையைப் பிடித்து நாடி பார்த்தேன்; வேகம் குறையவில்லை.

"இருடா. அந்த அப்பனையும் அதே சொல்லாலதான சொன்ன? ரெண்டு பேருல யாருக்கு விவேகம் கூட?"

"அவரு கிண்ணத்தை வீசல, பப்பா."

"அவனுக்கு சூப்புல உப்பு போட்டிருப்பாங்க," என்று என்னை முறைத்தார்.

மறுநாள் மகனை அனுப்பி வாத்தியாரைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். அந்த நாவல் அப்பா சொன்னதையெல்லாம் தமிழில் சொல்ல வேண்டும், அதுதான் நிபந்தனை. வாத்தியார் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இதை நான் எப்பவோ சொல்லிட்டேன்," என்றார் எதுவார். அடுத்ததற்கும் அதேதான். கோபத்தில் எடுத்த முடிவை ஆறப்போட்டுப் பார் என்பது வந்தபோது மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் நான் காபி கொடுக்கும்போது அதையே தன் சொந்தச் சரக்காக மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.