நகம் பார்க்கும் நேரம்

காலை வழிபாட்டுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் கைகளை நீட்டும்போது முதலில் வருவது தேங்காயெண்ணெய் வாடை. அதற்குப் பின்னால் சீயக்காயும் பாத்திரம் தேய்த்த சாம்பலும். குனிந்து விரல்களைப் பார்க்கப் போனால் எல்லாவற்றுக்கும் அடியில், மூக்கின் உள்ளே லேசாகக் குத்தும்படி, புகையிலைத் தூளின் காரம். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் வரிசைக்கு வரும்போது அந்தக் காரம் கூடும். சில நாள் எனக்குத் தும்மல் வந்துவிடும். நான் தும்மினால் பிள்ளைகள் சிரிக்கக் கூடாது என்பதும் எங்கள் பள்ளிக்கூடத்து ஒழுங்குகளில் ஒன்று.

இளமைக்கால நினைவு என்று எழுத உட்கார்ந்தால் அவரவர் தம் இளமையைத்தான் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியிருப்பது இன்னொருத்தியின் இளமையை, அதிலும் ஒரே ஒரு பங்குனி மாதத்தை. தொண்ணூறுகளின் நடுவில், முக்கூடலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியராக இருந்தேன். பிள்ளைகளுக்கு நான் "பெரிய சார்".

எங்கள் பள்ளி நாள் இப்படித்தான் தொடங்கும். முதல் மணிக்கு முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். இரண்டாம் மணிக்கு வரிசை. கடவுள் வாழ்த்து, செய்தி வாசிப்பு, உறுதிமொழி. பிறகு நகம் பார்த்தல். பெண்பிள்ளைகள் இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டியிருக்க வேண்டும், பையன்கள் சட்டையின் எல்லாப் பொத்தானும் போட்டிருக்க வேண்டும், பொத்தான் இல்லாத இடத்தில் ஊக்காவது குத்தியிருக்க வேண்டும். உறுதிமொழி முடிந்த பின் வருகிறவர்கள் முதல் பாடவேளை முடியும்வரை வாசல் வேப்பமரத்தடியில் நின்று, அதன்பின் வராந்தாவில் என் முன்னால் வந்து, "மன்னிக்கணும் சார், நாளைக்கு நேரத்துக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். மதியம் சத்துணவுத் தட்டை அவரவரே கழுவ வேண்டும், மாலையில் வாய்ப்பாடு ஒப்பித்த பிறகே பையைத் தூக்க வேண்டும். இவற்றில் எதையும் நான் புத்தகத்தில் படித்துக் கொண்டுவரவில்லை. எல்லாம் என் வீட்டில் என் அப்பா வைத்திருந்தவை. அவரும் ஆசிரியர். விடியற்காலையில் எங்களை ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போய்க் குளிக்கவைத்து, ஈரத் தலையோடு படித்துறையில் உட்காரவைத்து நகம் வெட்டிவிடுவார். "மணி அடிச்ச பெறகு வந்தா நீ வந்ததா அர்த்தம் இல்லலே" என்பார். எங்களுக்குக் காலை என்றால் குளியலும் இட்லியும் பாடமும்தான். செய்து முடிக்க வேண்டிய வேலை என்று ஒன்று எந்தக் காலையிலும் இருந்ததில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை அப்படித்தான் விடியும் என்று நினைத்தேன்.

அந்த ஊரில் பாதி வீடுகளில் பீடி சுற்றினார்கள். பெண்கள் மடியில் "சுளவு" என்று எங்கள் பக்கம் சொல்லும் முறத்தை வைத்துக்கொண்டு, அதில் இலையும் தூளும் பரப்பி, பேசிக்கொண்டே சுற்றுவார்கள். சுற்றியதன் திறந்த முனையை உள்ளே மடக்குவது சிறு விரல்களுக்குத் தோதான வேலை என்பதால் அது பெண்பிள்ளைகளின் பங்கு. அதற்காகவே கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் கூராக வளர்த்திருப்பார்கள். காலையில் பீடிக் கடைக்குக் கொண்டுபோகும் நேரத்துக்குள் மடக்கி முடித்தால்தான் பள்ளிக்கூடம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். பிஞ்சு நுரையீரலில் தூள் போகிறதே என்ற கவலையும் உண்மையாகவே இருந்தது. நகம் இல்லாவிட்டால் மடக்க முடியாது, மடக்க முடியாவிட்டால் பிள்ளைகளைச் சுளவின் பக்கம் கூப்பிட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தரியோடுதான் வழிபாட்டுக்கு வருவேன். கணக்கு எடுத்த ரீட்டா டீச்சர் கடற்கரைக்காரர், மனதில் பட்டதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். "சார், நீங்க கத்தரியும் கையுமா வாரதப் பாத்தா, பிள்ளைங்க தையக்காரர்னு நெனச்சு சட்டைக்கு அளவு குடுக்கப் போவுது."

எட்டாம் வகுப்பில் இசக்கியம்மாள் என்றொரு பெண் இருந்தாள். ஒல்லி, கறுப்பு, கேள்வி கேட்டால் பதிலை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு எழுந்து நிற்பாள். எங்கள் ஊரில் எட்டோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒன்பதுக்கு பஸ் ஏற வேண்டும்; பஸ் ஏறாத பெண்பிள்ளைகள் சுளவின் முன்னால் முழுநேரமும் உட்கார்ந்துவிடுவார்கள். இசக்கி அப்படி உட்காரக் கூடாது என்று ரீட்டா டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு விடுதிப் பள்ளியில் பேசியிருந்தார். சாப்பாடு, தங்கல், படிப்பு எல்லாம் இலவசம். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை எடுப்பார்கள். விடுதியைக் கவனிக்கும் சிஸ்டர் திங்கட்கிழமை காலை நேரில் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியரின் வார்த்தையையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்வார். இசக்கியின் அம்மா பேச்சியம்மாள் முதலில் மறுத்தாளாம். டீச்சர் மறுபடி மறுபடி வீட்டுக்கு நடந்த பிறகு, "கூட்டிட்டுப் போங்க டீச்சர். இந்தச் சுளவு எங் கையோட போவட்டும்" என்றாளாம்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நகம் பார்க்கையில் இசக்கி வலது கையை மூடியே வைத்திருந்தாள்.

"ஏட்டி இசக்கி, கைய விரிட்டி. உள்ள என்ன, முட்டாயா வச்சிருக்க?" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது.

விரித்தாள். நான் கத்தரியை எடுத்தேன்.

"சார், இத மட்டும் விட்டுருங்க சார். எங்கம்மா ஏசுவா."

"ஏசட்டும். இனிமே உன்னைச் சுளவு பக்கம் கூப்பிட மாட்டா இல்லையா?"

நகத்தை வெட்டினேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு அடுத்த கையைப் பார்த்தேன்.

அன்று மதியம், பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சியம்மாள் வந்துவிட்டாள். சேலை மடியில் பீடித்தூள் அப்படியே இருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"பெரிய சாரே, எங்க வீட்டுக் கத்தரிய எடுத்துட்டு வந்து ஒங்க பேனாவ நான் ரெண்டா வெட்டினா சும்மா இருப்பியளா? அந்தப் பிள்ள பொழப்ப வெட்டிப்புட்டு நிக்கியளே! இன்னிக்கு ராவைக்கு யாரு மடக்குவா? நீங்க வாரியளா, ஒரு சுளவு தாரேன்!"

குழாயடியில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சத்துணவு ஆயாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் அறைக்குள் போய்விட்டேன். போகும்போது என் காது சுட்டது. அந்தச் சூடு ஞாயிற்றுக்கிழமை கழிந்தும் ஆறவில்லை.

திங்கட்கிழமை சிஸ்டர் சொன்னபடி வந்தார். வயதானவர், பேச்சில் கனிவு இருந்தது. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கடவுள் வாழ்த்து முடிந்தது, செய்தி முடிந்தது, உறுதிமொழி முடிந்தது, இசக்கியைக் காணவில்லை. வரிசைகள் கலைந்து வகுப்புக்குப் போகும்போது ஓடி வந்தாள். துவைத்து மடித்த சட்டை, புது ரிப்பன், மூச்சு வாங்குகிறது. யாரும் சொல்லாமலே வேப்பமரத்தடிக்குப் போய் மற்றப் பிள்ளைகளோடு நின்றுகொண்டாள்.

"இசக்கி வந்துட்டா சார், கூப்பிட்டுரட்டுமா?" என்றார் ரீட்டா டீச்சர்.

"முதல் பாடவேளை முடியட்டும் டீச்சர்."

"சிஸ்டருக்கு பஸ் இருக்கு சார்."

"மத்தப் பிள்ளைகளும் நிக்குது. அவளுக்கு ஒண்ணு, அதுகளுக்கு ஒண்ணா?"

சிஸ்டர் மரத்தடியைப் பார்த்தார். "அந்தப் புது ரிப்பன் கட்டின பிள்ளையா? பிள்ளை எப்படி சார்?"

ஒரு சொல் போதும். "நல்ல பிள்ளை" என்றிருந்தால் முடிந்தது. நான் சொன்னது இது:

"படிப்பு வரும் சிஸ்டர். ஒழுங்கு பத்தாது. நேரத்துக்கு வர மாட்டா. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

வேப்பமரம் தூரத்தில் இல்லை. இசக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலை குனிந்துகொண்டாள்.

"எங்க விடுதியில விடியுமுன்ன மணி அடிக்கும் சார். எந்திரிக்க மாட்டாத பிள்ளைய வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய?" என்று வருத்தமாகவே சொல்லிவிட்டு, சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே போகப்போன ரீட்டா டீச்சரை, "உங்க வகுப்பு சத்தம் போடுது டீச்சர்" என்று நிறுத்தினேன்.

அவர் என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கோழி கூவுறதுக்கு முந்தி எந்திரிக்கிற பிள்ள சார் அது. அவ எந்திரிச்சாத்தான் அந்த வீட்டுல வெளக்கே எரியும். நகம் இல்லாமத் தகரத் துண்ட வச்சு மடக்கினதுல இலையெல்லாம் கிழிஞ்சு, திருப்பி மடக்கிட்டு ஓடி வாரா. நீங்க வெட்டினதாலதான் சார் லேட்டு." சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மை என்று கேட்ட உடனேயே எனக்குப் புரிந்தது. பஸ் நிறுத்தம் என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு சிஸ்டர் நின்றிருந்தார். அன்று பஸ் தாமதம். நான் நடந்துபோய், "தப்பாகச் சொல்லிவிட்டேன், சிஸ்டர், வாருங்கள்" என்று சொல்ல ஆகும் நேரத்தைப் போலப் பல மடங்கு நேரம் இருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் சொன்ன சொல்லை மாற்றினால் என்ன ஆவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது ஒழுங்கைப் பற்றிய கவலையே இல்லை. வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் எல்லாரையும் என்னைப் பார்த்துச் சிரிக்கவைத்தாளே, அந்தக் கோபம். ஒரு தாயின் மேல் இருந்த கோபத்தை அவள் மகளின் மேல், ஒழுங்கு என்ற பெயரில் தீர்த்துக்கொண்டேன். பஸ் வந்தது. சிஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார்.

பாடவேளை முடிந்ததும் மரத்தடிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். இசக்கி கடைசியாக வந்தாள். "மன்னிக்கணும் சார், நாளைக்கு நேரத்துக்கு வருவேன்" என்று, ஒரு சொல்லையும் விழுங்காமல், முழுதாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அந்த இடம் வேறோர் ஊர்ப் பெண்ணுக்குப் போயிற்று. ரீட்டா டீச்சர் அதன்பின் என்னிடம் பள்ளி வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. மறுவருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு கடற்கரைப் பக்கமே போய்விட்டார். கோடை விடுமுறையில் இசக்கி தேறிய சான்றிதழை வாங்கிப் போகப் பேச்சியம்மாள் வந்தாள். இந்தத் தடவையும் ஏசுவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று போனாள். அதற்குப் பிறகு அவர்கள் தெரு வழியாகப் போனால், வாசலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பீடி சுற்றும் இசக்கி என்னைக் கண்டதும் சுளவைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பாள். நான் வேறு தெருவில் போகப் பழகிக்கொண்டேன்.

அன்றோடு மனம் மாறிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மாறவில்லை. ஓய்வு பெறும்வரை என் பள்ளியில் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஓய்வுக்குப் பிறகு, சீக்கிரம் எழ வேண்டிய அவசியம் இல்லாமலே விடியுமுன் விழித்துக்கொள்ளும் வயது வந்தபோதுதான், அந்த நேரத்தில் தகரத் துண்டோடு உட்கார்ந்திருந்த பெண் தினமும் நினைவுக்கு வரத் தொடங்கினாள்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் குறைந்து குறைந்து மூடிவிட்டார்கள்; மஞ்சள் வேன்கள் வந்து பிள்ளைகளை வேறெங்கோ ஏற்றிப் போகின்றன. சாலையை அகலப்படுத்தியபோது வேப்பமரம் போயிற்று. சுளவோடு உட்காரும் சிறு பெண்களும் அந்தத் தெருக்களில் இல்லை. இலவச சைக்கிளில் கூட்டமாக மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். வாசலில் நின்று ஏச இப்போது பேச்சியம்மாளும் இல்லை.

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் புரை பார்க்க உட்கார்ந்திருந்தேன். "பெரிய சார்! நல்லா இருக்கியளா? நான் இசக்கி சார்" என்று ஒரு குரல் கேட்டது. முன்தலை நரைத்திருந்தது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவள் மகள்.

"இவ பதினொண்ணு படிக்கா சார். ஒரு நாள் லேட்டாப் போனது கெடையாது, நான் விட மாட்டேன். எனக்குத்தான் அப்ப ஒழுங்கு பத்தாது, நல்ல எடம் கைவிட்டுப் போச்சு. நீங்க உள்ளதச் சொன்னிய. அத இவகிட்ட அடிக்கடி சொல்லுவேன்." சிரித்துக்கொண்டே மகளின் முதுகில் தட்டினாள். "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டே நிக்க? பெரிய சாரக் கும்பிடு."

அப்படி இல்லையம்மா, உன்னிடம் ஒரு குறையும் இல்லை, பொய் சொன்னவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் செல்போனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள். "நல்லா இரும்மா" என்றேன். நர்ஸ் அவர்கள் பெயரைக் கூப்பிட்டாள். இருவரும் உள்ளே போனார்கள்.