நான்கு தட்டுப் பெட்டி

பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கல்வெட்டுகளைப் படமெடுக்கும் பழக்கம் வந்தது. திருமுக்கூடல், மாகறல் என்று போய்வந்ததில் பதினான்காயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள் சேர்ந்துவிட்டன. அவ்வளவையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கப் பயமாக இருந்தது. வீட்டிலேயே ஒரு சிறிய சர்வர் அமைத்துக்கொள்ள முடிவு செய்து, முதலில் அதற்கான பெட்டியைத் தேடினேன்.

பதினேழு பெட்டிகளின் நீள, அகல, உயரங்களை நோட்டில் எழுதி, கடைசியில் இரண்டில் வந்து நின்றேன். ஒன்றில் ஹார்ட் டிஸ்க் செருக எட்டுத் தட்டுகள். இன்னொன்றில் நான்குதான், ஆனால் மேலே கைப்பிடி உண்டு, சென்னையில் மகள் வீட்டுக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் இரண்டுமே அடங்கும். மனைவியை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி மூன்று முறை அளந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளையார்பாளையத்திலிருந்து தம்பி வந்தான். தறிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் கரை, முந்தானை டிசைன் போட்டுத் தருவது அவன் தொழில்.

"அண்ணா, எட்டு இருக்கறதையே வாங்கு. எனக்கு ரெண்டு குடு. என் கம்ப்யூட்டர் இருமிக்கினே இருக்குது, எப்ப கண்ண மூடுமோ தெரியல."

"அது அலமாரியில நுழையாதுடா. நாலு தட்டுதான் நுழையும். நாலும் எனக்கே சரியா போயிடும்."

மனைவி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்றான் தம்பி.

ஏன் அப்படிச் சொன்னேன்? இடம் கொடுத்தால் அவன் தினமும் வருவான், தன் டிசைன்களைக் கண்டபடி கொட்டுவான், என் ஒழுங்கு கலையும். அவ்வளவுதான் காரணம். கைப்பிடியைச் சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான்கு தட்டுப் பெட்டி வந்தது. என் படங்களுக்கு இரண்டு டிஸ்கே போதுமானதாக இருந்தது. முன்பக்கம் வலைத்தகடு, இரண்டு தட்டுகளில் பச்சை விளக்கு எரிய, மற்ற இரண்டும் பொந்து போல இருட்டாகத் தெரிந்தன. ஞாயிறுதோறும் வரும் தம்பியின் கண்ணில் அது படாமலிருக்க, ஒரு வெள்ளைத் துணியால் பெட்டியைப் போர்த்தினேன்.

எங்கள் அப்பா தறி நெய்தவர். தறியில் பாதி நெய்த சேலையை, எழுந்து போகும்போது துணியால் மூடுவது வழக்கம். அடுத்தவர் மூடியதை யாரும் விலக்கிப் பார்க்கக் கூடாது. அது அவர் டிசைன். தம்பியும் நானும் அந்த வீட்டில் வளர்ந்தவர்கள். அவன் தொடமாட்டான் என்று தெரிந்துதான் போர்த்தினேன்.

சித்திரையில் அவன் கம்ப்யூட்டர் போய்விட்டது. ரிப்பேர்க் கடையில் கைவிரித்துவிட்டார்கள். போனில் சொன்னபோது நான் முதலில் கேட்டது, எத்தனை போச்சு என்றுதான். இருநூற்று முப்பத்தாறு டிசைன், நான்கு வருஷ வேலை.

அடுத்த ஞாயிறு அவன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. குளியலறைக்குள் எல்லாம் கேட்டது.

"அந்தத் துணிய எடுத்துப் பாருப்பா, கத்திக்கினே இருக்குது."

"அண்ணன் மூடி வெச்சிருக்காரு அண்ணி. நான் எடுக்கக் கூடாது."

"என்னா தங்கமா வெச்சிருக்காரு? எடுப்பா."

நான் இன்னொரு சொம்புத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது சத்தம் நின்றிருந்தது. துணி நான்காக மடித்து நாற்காலியில் இருந்தது. தம்பி பெட்டிக்கு எதிரே குந்தியிருந்தான்.

"காத்து போவாம சூடாயிடுச்சுண்ணா. அண்ணி சொன்னாங்கன்னுதான் துணிய எடுத்தேன். தப்பா நெனச்சிக்காத."

மன்னிப்புக் கேட்டது அவன். "அந்த ரெண்டும் இப்பதான் காலியாச்சு" என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. "உன்னுத அதுல வெச்சிக்கலாம்டா" என்றேன்.

"எதண்ணா வெக்கறது?" என்று எழுந்து, அண்ணி கொடுத்த காபியை வாங்கிக் குடித்தான்.

அந்த வாரமே அவனுக்கென்று இரண்டு டிஸ்க் வாங்கிப் போட்டேன். சொன்னதும் "சரிண்ணா" என்றான். இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறான், எப்போதும் போலவே பேசுகிறான். போன வாரம், புதிதாகப் பதினோரு டிசைன் போட்டிருப்பதாக அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவற்றை எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.