அத்தையின் மில் பாஷை

என் அத்தைக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. அவள் ரகசியம் சொன்னால், அடுத்த லயத்து வரிசை வீட்டில் உலை வைத்துக்கொண்டிருப்பவள் பதில் சொல்வாள். மதுரையில் நூல் மில்லில் வேலை பார்த்தவள். இயந்திர இரைச்சலில் கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டதாம். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றாள் என்று மில்லில் அவளை மறுபடி சேர்க்கவில்லை. கடல் கடந்து மலாக்கா பக்கம் சிம்பாங் அம்பாட்டில் ரப்பர் தோட்டத்தில் இருந்த அப்பா, தங்கையை எங்களிடமே வரவழைத்துக்கொண்டார்.

கத்தியும் கேட்காதபோது மில்லில் கையால்தான் பேசுவார்களாம். மீசையை முறுக்கிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திரித்தால், இழை அறுந்துவிட்டது, பக்கத்தில் இருப்பவள் ஒட்ட வேண்டும். எங்களுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தோம். எங்களைப் பார்த்து எங்கள் அம்மாமார்களும் கற்றுக்கொண்டார்கள்.

அம்மாவும் அத்தையும் ஸ்டோரில் வேலை செய்தார்கள். ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக அழுத்தும் கொட்டகை அது. அப்போது தம்பி கைக்குழந்தை. பால் கொடுக்கும் பெண்கள் நடுவில் ஒருமுறை, பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் போய்வருவது வழக்கமாக இருந்தது. மேற்பார்வைக்குத் தோட்டத்து ஆபீஸிலிருந்து புதிதாக வந்த கிராணி அதை நிறுத்திவிட்டார். தம்பி அழுது அழுது வற்றிப்போனான். ஈர ரவிக்கையோடு அம்மா சாயங்காலம் ஓடி வருவாள். அந்தக் கிராணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“மதினி, எல்லாரும் சேந்து ஒருநா உருளையத் தொடாம நின்னாப் போதும்,” என்றாள் அத்தை.

“ஒனக்கென்ன, ஒத்த ஆளு. எங்கள வெளிய தள்ளுனா இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது? சும்மா இரு லா,” என்றாள் அம்மா.

அத்தையா சும்மா இருப்பாள்? லயத்தில் வாயைத் திறந்தால் தோட்டத்துக்கே கேட்கும். அதனால் ஸ்டோரில் எஞ்சின் ஓடும்போது, கிராணியின் கண் முன்னாலேயே, உருளைக்கு உருளை கையால் பேசினாள். பெண்கள் வாய் திறக்காமல் வேலை செய்கிறார்களே என்று கிராணிக்கு ஏகப்பட்ட திருப்தி.

நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் யாரோ விஷயத்தைக் கிராணி காதில் போட்டுவிட்டார்கள். மலாக்காவுக்கு ஷீட் ஏற்றிப்போகும் லாரியில் அத்தையையும் அவள் தகரப் பெட்டியையும் ஏற்றினார்கள். வாயைத் திறந்தால் அண்ணன் குடும்பத்துக்கும் இதே லாரிதான் என்று மிரட்டியிருந்தார்கள். ஸ்டோர் வாசலில் பெண்கள் நின்றார்கள். அத்தை அழவில்லை. லாரி நகர்ந்ததும் கையை உயர்த்தி, அம்மாவையே பார்த்து, இரண்டு விரல்களையும் திரித்துக் காட்டினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கோ இழை அறுந்திருக்கிறது, அதை அம்மா ஒட்ட வேண்டும். ரப்பர் தோட்டத்தில் நூலுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சி ஒரு முழம் நூல் வாங்கி, விரலில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மா தம்பியை ஆயாவிடம் விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே ஸ்டோருக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். எஞ்சின் கிளம்பியது. அத்தை வழக்கமாக நிற்கும் முதல் உருளைக்கு முன்னால் போய், அதைத் தொடாமல் அம்மா நின்றாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

“லாரி வெளியதான் நிக்குது, தெரியும்ல?” என்று கத்தினார் கிராணி.

“நிக்கட்டும். புள்ள பால் குடிச்சதும் ஏறிக்கிறோம்,” என்றாள் அம்மா. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து தம்பிக்குப் பால் கொடுத்தாள்.

மதியத்துக்குள் தொட்டிகளில் இருந்தது எல்லாம் இறுகி, உருளைக்கு உதவாமல் போயிற்று. தோட்டத்துத் துரையே வந்து பார்த்தார். பழையபடி பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையை மட்டும் திரும்ப அழைக்கவில்லை. மலாக்கா டவுனில் ஒரு கடைக்கு மாவு இடிக்கப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் நூலை நீட்டினேன். “அத்த ஒட்டச் சொன்னாங்கல்ல?”

அம்மா அதை வாங்கித் தம்பியின் இடுப்பில் கட்டிவிட்டாள். அத்தை லாரியில் போகும்போதுகூட மறக்காமல் சொல்லிவிட்டுப் போன வேலையை அம்மா செய்யவே இல்லையே என்று எனக்கு வெகுநாள் கோபம்.