ஆற்று மணலில் இறங்கிய இடி

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் கோடை. சந்திரகிரிக்குக் கீழே, வற்றிக் கிடந்த சுவர்ணமுகி ஆற்று மணலில் நானும் என் வீட்டுக்காரரும் வெள்ளரி போட்டிருந்தோம். ஒரு நாள் பிற்பகலில் மலைப்பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பறித்த பிஞ்சுகளோடு நான் கரைக்கு ஓடினேன். அவரோ மண்வெட்டியை எடுக்கத் திரும்பிவிட்டார்.

"அது கெடக்குது, வாய்யா!" என்று கத்தினேன்.

அதற்குள் கண்ணெதிரே எல்லாம் வெளுத்துப் போயிற்று. நெஞ்சில் யாரோ உதைத்தது போல் விழுந்தேன். பார்வை தெளிந்தபோது அவர் மணலில் குப்புறக் கிடந்தார். காற்றில் கந்தக நெடி. எழுந்தால் கால் நிற்கவில்லை. தவழ்ந்தே போய் அவரைப் புரட்டினேன். மூச்சு இருந்தது. பேர் சொல்லக் கூடாது என்பதையும் மறந்து பேரைச் சொல்லிக் கதறினேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். "இன்னாமே, வாய மட்டும் அசைக்கிற?"

காது போயிருந்தது.

மறுநாள் மண்வெட்டியைத் தேடிப் போனோம். அதனருகே மணலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அவர் கையால் தோண்டத் தோண்ட, குழாய் போல ஒன்று வெளிப்பட்டது. வெளியே சொரசொரப்பு; உடைந்த இடத்தில் பார்த்தால் உள்ளே வளையல் கண்ணாடியின் பளபளப்பு.

"இடி எறங்கி மணலே உருகிக்கீதுமே!" என்றார், காது கேளாதவர்களின் உரத்த குரலில்.

அவருக்கு அது வேடிக்கை. நான் அது போன திசையைப் பார்த்தேன். மரவேர் போல அது கிளை பிரிந்திருந்தது. ஒரு கிளை, முந்தின நாள் அவர் தலை கிடந்த இடத்தை நோக்கி ஓடி, ஒரு முழத்துக்கு இப்பால் நின்றிருந்தது. அந்தக் குழாயில் ஒரு துண்டை எடுத்து அவர் மடியில் கட்டப் போனார். நான் பிடுங்கிக் குழியில் போட்டு, இரண்டு கையாலும் மணலைத் தள்ளி மூடினேன். என்னைப் பார்த்துவிட்டு அவரும் குனிந்து மணலைத் தள்ளினார்.

வலது காது மெல்லத் திறந்தது. இடது காது திறக்கவேயில்லை. அடுத்த கோடையிலும் அதே மணலில்தான் வெள்ளரி போட்டோம். எங்களுக்கு வேறு நிலம் ஏது? மலைமேல் துண்டு மேகம் தெரிந்தாலும் போதும், அவருடைய வலது பக்கம் போய் நின்று, "கெளம்புய்யா" என்பேன். பாதிக் கொடியில் காயை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.