இரண்டு கேன் கடல்

எழுபதுகளின் கடைசியில் கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் கடல் உயிரியல் படித்தேன். ஆய்வுக்கூடத் தொட்டிகளுக்குக் கடல்நீர் ஏற்றும் மோட்டார், பொங்கல் விடுமுறை நேரமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது. என் இறுதி ஆண்டு ஆய்வோ, சங்குக்குள் குடியிருக்கும் பன்னிரண்டு துறவி நண்டுகளை நம்பி இருந்தது. வேறு வழியில்லை. நண்டுகளை வாளியிலும் கடல்நீரை இரண்டு பெரிய கேன்களிலும் நிரப்பி, உப்பின் அளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டரைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். அரியலூரில் பஸ் மாறியபோது கண்டக்டர் கருவாடா என்று முகம் சுளித்தார். ஒரு நண்டு எட்டிப் பார்த்ததும் முன் சீட்டையே காலி பண்ணிக் கொடுத்தார்.

நாலு நாள் ஒரு குறையுமில்லை. ஐந்தாம் நாள் காலை தண்ணீர் மாற்ற இரண்டாவது கேனைத் தூக்கினேன். லேசாக வந்தது. அதற்கு முந்தின நாள் தை அமாவாசை. கடலில் முழுகப் போக வசதியில்லாத எங்கள் தெருப் பெண்கள் அம்மாவிடம் ஆளுக்கொரு சொம்பு வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டார்களாம்.

"கடலே வூடு தேடி வந்திருக்கு. இல்லேன்னு எப்புடிடி சொல்றது?" என்றாள் அம்மா.

கத்தித் தீர்த்தேன். என் படிப்பையே தலையில் தெளித்துவிட்டார்கள் என்று அழுதேன். அம்மா கேனில் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு குடம் நல்ல தண்ணீரில் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கரைத்தாள். ருசி பார்த்தாள், இன்னும் அரைக் கை போட்டாள்.

கடல் என்ன ரசமா என்று எனக்கு எரிச்சல். அவள் தப்பை நிரூபிக்கவே ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டேன். கடல்நீரில் எந்தக் கோட்டில் நின்றதோ அதே கோட்டில் நின்றது. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

மிச்சக் கடல்நீரோடு அதைக் கலந்து முதலில் ஒரு நண்டை மட்டும் விட்டோம். சங்குக்குள் ஒளிந்தது வெளியே வரவேயில்லை. அம்மா அடுப்பை மறந்து பக்கத்திலேயே குந்தியிருந்தாள். ஒரு வழியாக மீசை இரண்டும் நீண்டன. பன்னிரண்டும் பிழைத்து, என்னோடு பல்கலைக்கழகம் திரும்பின.

நான் பட்டம் வாங்கியபோது அம்மாவைக் கூட்டிப் போனேன். அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அலையைப் பார்த்து வாய் பிளப்பாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தாள்.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்றாள்.