பௌர்ணமியிலிருந்து பௌர்ணமி வரை காய் வாங்கவில்லை

முப்பது வருஷம் நான் காசு கொடுத்துக் காய் வாங்கினதில்லை. காய்கறி மண்டியில் மூட்டை தூக்கினேன். லாரியிலிருந்து இறக்கும்போது சிந்துவது தூக்கினவனுக்கு. மண்டி வழக்கம் அது, யாரும் கேட்க மாட்டார்கள். நாலு தக்காளி, அடிபட்ட கத்திரி, உடைந்த முள்ளங்கி. துண்டில் கட்டி எடுத்து வருவேன். துண்டை அவிழ்த்துப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரி அன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவு பண்ணுவாள்.

ஒரு நாள் வெங்காய மூட்டை வழுக்கி முட்டி மேல் விழுந்தது. வேலை போச்சு. துண்டும் போச்சு. காய் என்ன விலை விற்கிறது என்று அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரி செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் துணி துவைக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் கூலி அப்படியே காய்க்குப் போனது. மகள் காலேஜில் படிக்கிறாள். அவளுக்குப் போக வேண்டிய காசு அது.

வீடு வேங்கிக்காலில். எங்களுடையதுதான், சின்னது. பின்னால் இரண்டு சென்ட் சும்மா கிடந்தது. ஒரு முருங்கை, மீதி எல்லாம் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும். நிற்க முடியாதவன் உட்கார்ந்து கொத்தலாம். காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து கொத்தினேன். ஒன்றரை வருஷம். கீரைப் பாத்தி, கத்திரி, கொத்தவரை, இரண்டு பப்பாளி, வேலியோரம் அகத்தியும் மரவள்ளியும், நாலு கோழி. அரிசி ரேஷனில் வந்தது. பருப்பு, எண்ணெய், புளி கடையில். காய் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் கடையில் என்று போய்க்கொண்டிருந்தது.

பங்குனி பௌர்ணமிக்கு மச்சான் கிரிவலம் வந்தான். வீட்டுக்காரியின் தம்பி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இன்னா மாமா, அக்கா வேலைக்குப் போவுது, நீங்க வீட்ல கீரை ஆயறீங்க. நல்லாக்குது."

"துன்னும்போது இன்னும் நல்லாருக்கும்."

"எங்க கம்பெனி கேட்டுக்கு வாட்ச்மேன் வேணுமாம். சேர்ல உக்கார்ற வேலை. ரூம் அங்கியே. மாசம் ஒரு தரம் வீட்டுக்கு வரலாம். கெளம்புங்க."

"இத யாரு பாப்பாங்க?"

"ரெண்டு சென்ட்டு மாமா. இதுல ஒரு வீடு சாப்புட முடியுமா? இது டைம்பாஸு."

எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஒன்றரை வருஷம் கல் பொறுக்கியிருக்கிறேன்.

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள கடைக்காய் வராது. முட்டையும் வராது. வந்தா நான் வந்து உன் கேட்ல உக்கார்றேன். வரலைன்னா இந்தப் பேச்ச இனிமே எடுக்காத."

"வெங்காயம்?"

அதை நான் யோசிக்கவில்லை. "வெங்காயத்த மட்டும் விட்டுடு" என்றேன்.

"வெங்காயத்தாலதான் காலே போச்சு. அதையே கேக்குது பாரு" என்றாள் மகள். மச்சான் சிரித்தான். சரி என்றான்.

வீட்டுக்காரி போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. துணியை மடித்துக்கொண்டிருந்தாள். போனால் இன்னொரு சம்பளம் வரும். அவள் கை சோப்பில் வெடித்துக் கிடக்கிறது. அவள் போ என்றால் நான் என்ன சொல்ல முடியும்? கேட்கவில்லை.

முதல் பத்து நாள் கஷ்டமில்லை. அப்புறம் வெயில் ஏறியது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த தண்ணி மூன்று நாளைக்கு ஒரு தரம் ஆனது. பக்கத்து மாடி வீட்டில் ஆர்ஓ மெஷின் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வெளியே விடுகிற தண்ணி குழாய் வழியாகத் தெருவில் ஓடும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த வீட்டம்மாவிடம் கேட்டேன்.

"எடுத்துக்கோங்கண்ணா, வீணாத்தான் போவுது" என்றார்கள்.

கேன் வைத்துப் பிடித்தேன். தினம் கீரைக்கும் கத்திரிக்கும் அதுதான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் இலை ஓரம் கருகியது. வெயில் என்று நினைத்து இன்னும் இரண்டு கேன் ஊற்றினேன். பாத்தி மேலே வெள்ளையாகப் பூத்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. மெஷின் உப்பையெல்லாம் பிரித்து வெளியே தள்ளுகிற தண்ணி அது. நான் அதைப் பிடித்து என் கீரைக்கு ஊற்றியிருக்கிறேன்.

கீரை போச்சு. கத்திரி போச்சு. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

முருங்கை அந்த மாதம்தான் காய்க்கும், அது காப்பாற்றியது. கொத்தவரை தண்ணி இல்லாமலும் நாலு நாளைக்கு ஒரு கை கொடுத்தது. ரசத்துக்குப் புளி மட்டும்தான்.

"நாளைக்கும் முருங்கைக்காயாப்பா?" என்றாள் மகள்.

"இல்ல. நாளைக்கு முருங்கைக்கீரை."

அவள் தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள். பிறகு வந்து சாப்பிட்டாள். வீட்டுக்காரி கருகின பாத்தியைப் பார்த்தாள். கழுவின தண்ணி, குளித்த தண்ணி எல்லாவற்றையும் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

சித்திரை பௌர்ணமி அன்று காலையில் மச்சான் தன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு வந்தான். கையில் ஒரு பெரிய பை. தக்காளி, கேரட், பீன்ஸ், காலிபிளவர்.

"கடைக்காய் வந்துடுச்சி பாருங்க மாமா. இன்னும் பௌர்ணமி முடியல."

வாசல்படி தாண்டுவதற்குள் பையை வாங்கி வெளி கேட்டுக் கம்பியில் மாட்டினேன்.

"வீட்டுக்குள்ள வரல. கேட்லதான் இருக்குது."

"மாடு துன்னுடும் மாமா."

"துன்னட்டும். அதுக்குப் பந்தயம் இல்ல."

அவர்களுக்கென்று பன்னிரண்டு முட்டை சேர்த்து வைத்திருந்தேன். முட்டைக் குழம்பு வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது என்று கணக்கு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மச்சான் பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கிரிவலம் போற அன்னிக்கு முட்டை ஆவாதே."

இந்த ஊரில் பிறந்தவன் நான். எனக்கு எப்படி மறந்தது தெரியவில்லை. ஒரு மாதமாக முட்டையை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு நாள் மறந்துவிட்டது. மச்சான் கேட்டைப் பார்த்தான். சிரித்தான்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மரவள்ளியை ஆடிக்குத் தோண்டலாம் என்று விட்டிருந்தேன். உட்கார்ந்து தோண்டினேன். மூன்று செடி பிடுங்கினேன். கிழங்கு இளசு, சின்னது, ஆனால் கொத்துக் கொத்தாக இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. திரும்பினால் வீட்டுக்காரி முறத்தோடு நிற்கிறாள். மண்ணைத் தட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

மரவள்ளியை வேகவைத்துக் காய்ந்த மிளகாயும் வெங்காயமும் தாளித்தாள். பப்பாளிக்காய்க் கூட்டு. முருங்கைக்காய் போட்டுப் புளிக்குழம்பு. மச்சான் பிள்ளைகள் கிழங்கை மூன்று தரம் கேட்டு வாங்கின. மச்சான் மறுசோறு வாங்கினான்.

நாலு மணிக்கு நடக்கக் கிளம்பினார்கள். மலையைச் சுற்றிவிட்டு அப்படியே பஸ் ஏறுவதாகச் சொன்னான். வீட்டுக்காரி கேட்டிலிருந்து பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தா, எடுத்துனு போ."

"அக்கா, பதினாலு கிலோமீட்டர் நடக்கணும்."

"உங்க மாமா முப்பது வருஷம் தூக்கினாரு. நீ ஒரு நாள் தூக்கு."

"வெளையாட்டுக்குத்தான் கொண்டாந்தேன். வெச்சிக்கோ."

"எனக்கு வெளையாட்டு இல்ல. விடுதி சமையக்காரரு இந்த மாசம் முழுக்க மிஞ்சின காய எடுத்துனு போம்மான்னு கூப்புட்டாரு. நான் தொடல. உன் பைய தொடுவனா?"

எனக்கே அது அப்போதுதான் தெரியும். மச்சான் என்னைப் பார்த்தான். நான் அகத்தியில் ஒரு கட்டு ஒடித்து அவன் பை மேல் வைத்தேன்.

"போற வழியில மாட்டுக்குப் போடு."

இரண்டு கையும் நிறைய அவன் நடந்து போனான். செருப்பு இல்லாமல். தார் ரோடு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் போன் பண்ணினான். பையை வழியில் ஒரு அன்னதானப் பந்தலில் கொடுத்துவிட்டானாம். வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டானாம். தோள் வலிக்கிறதாம்.

"எண்ணெய் தேச்சி சுடுதண்ணி ஊத்து. ரெண்டு நாள்ல சரியாப் பூடும்" என்றேன்.

போனை வைத்துவிட்டு உப்புப் பிடித்த மேல்மண்ணைச் சுரண்ட உட்கார்ந்தேன்.